யார் சொல்வதை எந்தப் பிள்ளை காதில் வாங்குகிறது

எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம் வருஷக்கணக்காக ஓடுகிறது: வீட்டுப் பெண் குழந்தை ஒன்று பையன் மாதிரி விளையாடுவது பிறவியிலேயே வந்ததா, வளர்ப்பில் வந்ததா என்று. மாங்காய் சீசனுக்கு எல்லோரும் ஊரில் கூடினால் போதும், யாராவது ஒருவர் அதைக் கிளப்பிவிடுவார். ஆயா ஒரு கட்சி: "அது வயித்துலயே ஆயிப்போச்சு, நாம என்ன பண்றது?" ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் தம்பியும் அதே கட்சிதான், அவனுக்கு ஆதாரம் யூடியூப். ஆண் மூளை வேறு, பெண் மூளை வேறு என்று யாரோ கோட் போட்டவர் பேசும் வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு, கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்றையும் கூடவே அனுப்புவான். சித்தி எதிர்க்கட்சி: "எல்லாம் வளர்ப்பு. சின்னதுலயே அதட்டி வளர்த்திருந்தா இப்படி மரமேறிட்டுத் திரியுமா?" நான் ரொம்ப நாள் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டுமே பாதி சரி என்று சொல்லிவிட்டால் சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடலாம். ஆனால் மனசுக்கு அது ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேச்சு முழுக்க ஒரு பெண் குழந்தையைப் பற்றியது. சித்தி மகளின் மகள், நாலாவது படிக்கிறாள், என்னைப் பெரியம்மா என்பாள். பெயரும் ஊரும் வேண்டாம், ராயக்கோட்டைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எழுதட்டுமா என்று அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்தச் சித்தி மகள், எனக்குத் தங்கை முறை, கட்டியிருப்பது தாய்மாமனை, அதாவது என் அம்மாவுக்கும் சித்திக்கும் கடைசித் தம்பியை. ஆகவே எங்கள் ஆயா அந்தக் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவள். அம்மா வழியில் எண்ணினால் பாட்டியையும் பெற்றவள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இந்த மாதிரி உறவு முறையை விளக்கத் தேவையில்லை, நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். ஒரே கிளையில் பிறந்த இருவரும் ஒரே மரபணுக் கோளாறில் ஒவ்வொரு நகல் வைத்திருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. கல்யாணத்தின்போது இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நகை வாங்கியாகிவிட்டது என்றுதான் பதில் வந்திருக்கும்.

குழந்தை பிறந்ததும் நர்ஸ் வெளியே வந்து வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. "டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க" என்று உள்ளே போய்விட்டார். பார்த்த மாத்திரத்தில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. வெளியே காத்திருந்தவர்கள் கையில் சர்க்கரை டப்பாவோடு அப்படியே நின்றார்கள். இரண்டாவது வாரத்தில் பால் குடித்ததெல்லாம் வாந்தி, குழந்தை வாடிய கீரை போலத் துவண்டுவிட்டது. ரத்தத்தில் சோடியம் இறங்கி, பொட்டாசியம் ஏறி, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். குரோமோசோம் சோதனை எக்ஸ் எக்ஸ், அதாவது பெண், என்றது. கருப்பையும் சினைப்பைகளும் இருந்தன. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேலை செய்யவில்லை. அது இல்லாவிட்டால் கார்ட்டிசோல் உருவாகாது, உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் ஹார்மோனும் உருவாகாது. அவற்றைச் செய்ய வந்த மூலப்பொருளெல்லாம் திசை மாறி ஆண் ஹார்மோனாகிவிடும். அதுவும் பிறந்த பிறகு தொடங்குவதல்ல, கருவிலேயே. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்று இதற்குப் பெயர், உலக அளவில் ஏறக்குறைய 15,000 பிரசவத்துக்கு ஒன்று இப்படி.

தங்கை காலையில் அடுக்களை மேடையில் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் கார்ட்டிசோலுக்கு ஈடாகக் கொடுக்கும் வெள்ளை மாத்திரையை வைத்து, புது பிளேடால் நான்காகக் கீறுவாள். கைக்குழந்தைக்குத் தேவையான அளவில் மாத்திரை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரு கால் சற்றுப் பெரிதாகவும் இன்னொன்று தூளாகவும் போகும். தூளை விரலால் ஒற்றி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, சங்கில் ஊற்றிப் புகட்டுவாள். பாலில் எண்ணி உப்பு. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளை தவறக்கூடாது. இந்த வீட்டில் இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்ந்த பிள்ளை வேறு கிடையாது. இதைச் சித்தியின் கட்சிக்குப் பதிலாகவே சொல்கிறேன். கீழே விடாமல், வெயிலில் காட்டாமல், ஓடவிடாமல், பொம்மையும் சொப்பும் வாங்கிக் கொடுத்து வளர்த்தோம். அது நடக்க ஆரம்பித்ததும் நேராகப் புளியமரத்தடிக்குப் போனது. பம்பரம், கோலி, டிராக்டர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது படுகளத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து, பீமன் கதாயுதத்தைத் தூக்கும்போது தானும் எழுந்து நிற்பாள். சொப்புச் சாமான் இன்னும் அட்டைப்பெட்டியில் புதுசாகவே இருக்கிறது.

ஆயாவின் மாடு

ஆயா சும்மா பேசுகிறவள் இல்லை, அவளுக்கும் ஆதாரம் இருக்கிறது. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டதாம், ஒன்று காளை, ஒன்று கிடாரி. கிடாரி என்றால் வீட்டுக்கு லாபம் என்று எல்லோரும் சந்தோஷப்பட, மாமனார் மட்டும், "காளைகூடப் பொறந்த கிடாரி சினை நிக்காது, பால் குடி மறந்ததும் தள்ளிவிடு" என்றிருக்கிறார். ஆயா கேட்கவில்லை, வளர்த்தாள். பருவம் வந்தும் சினை நிற்கவில்லை. உடம்பு காளை மாதிரித் திரண்டது, கொட்டகையில் மற்ற பசுக்கள் மேல் தாவியது. கடைசியில் குந்தாரப்பள்ளி சந்தையில் அடிமாட்டு விலைக்குப் போனது. அந்த நஷ்டத்தை ஆயா இன்றைக்கும் மறக்கவில்லை, விலையை அணா கணக்கில் சொல்வாள்.

இது கட்டுக்கதை இல்லை. சிகாகோவில் ஃபிராங்க் லில்லி என்ற கருவியல் அறிஞர் 1916ல் இதற்குக் காரணம் சொன்னார். பசுவின் கருப்பையில் இரட்டைக் கருக்களின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன, ஆண் கருவின் ரத்தத்தில் இருப்பது பெண் கருவுக்கும் போய் அதன் சினைப்பையைக் கெடுக்கிறது. காளையோடு இரட்டையாய்ப் பிறக்கும் கிடாரிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மலடுதான். மாடு வளர்க்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கண்டதற்கு ஆய்வுக்கூடம் காரணம் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் 1959ல், அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் என்ற நால்வர் சினையாக இருந்த கினிப் பன்றிகளுக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்து பெரிதானபோது பெண்ணுக்குரிய இணைசேரும் நடத்தை குறைந்து, ஆணுக்குரியது கூடியிருந்தது. வளர்ந்த பிறகு ஹார்மோன் கொடுப்பது வேறு, கருவில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் கொடுப்பது வேறு. கருவில் கிடைத்தது நரம்புகளின் அமைப்பையே மாற்றி நிலைத்துவிடுகிறது என்றார்கள். இந்தத் துறை முழுக்க அந்த ஒரு கட்டுரையிலிருந்துதான் கிளைவிட்டது என்று சொல்லலாம்.

ஆக ஆயாவின் "வயித்துலயே" என்பதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அவள் சறுக்கியது அடுத்த படியில். குழந்தைக்கு என்ன நோய் என்று மாமா விளக்கும்போது, "ஆம்பள ஹார்மோன் வயித்துலயே கூடிப்போச்சாம்" என்று சொன்னார். ஆயா உடனே கிடாரியை நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு விடவில்லை. பக்கத்து வீட்டம்மா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தபோது, "அந்தக் கிடாரி மாதிரிதான் இதுவும்" என்று சொல்லியிருக்கிறாள். கேட்கக்கூடாதவள், அந்தக் குழந்தையே, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள்.

டாக்டர் முன்னால்

இது நடந்து கொஞ்ச நாளில் வழக்கமான பரிசோதனைக்குப் போனோம், துணைக்கு நானும் போயிருந்தேன். டாக்டரம்மா உயரத்தை அளந்து, எடை பார்த்து, ரத்தப் பரிசோதனைத் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். வழக்கமாக அங்கே காலால் மேசையை எட்டி எட்டி உதைத்துக்கொண்டிருப்பவள், அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, "மேடம், இந்த மாத்திரைய நிறுத்திட்டா நான் பையனா ஆயிடுவனா?" என்று கேட்டாள்.

டாக்டர் தாளைக் கீழே வைத்தார். "ஆக மாட்ட. நீ பொண்ணு. மாத்திரைய நிறுத்தினா உடம்பு கெடும், மயங்கி விழுந்துடுவ, அவ்வளவுதான்."

"அப்ப எனக்கு ஏன் பம்பரம் பிடிக்குது?"

"பிடிச்சா விளையாடு. அதுக்கெல்லாம் மாத்திரை கிடையாது."

அதோடு முடியவில்லை. குரலை இறக்கி, "எங்க ஆயா நான் கன்னு போட மாட்டேன்னு சொல்லுது" என்றாள். டாக்டருக்குப் புரியவில்லை, எங்களைப் பார்த்தார். தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கிடாரிக் கதையை நான்தான் சொன்னேன். அவர் சிரித்திருந்தால் நாங்கள் உடைந்துபோயிருப்போம், சிரிக்கவில்லை. காகிதத்தில் ஒரு படம் போட்டார். இது கருப்பை, இது சினைப்பை, உனக்கு இரண்டும் இருக்கு, அந்த மாட்டுக்குக் கெட்டுப்போன மாதிரி உனக்குக் கெடல. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டா வயசுக்கு வருவ, வேணும்னா கல்யாணம் கட்டிக்கலாம், குழந்தையும் பெத்துக்கலாம். அந்தத் தாளை மடித்து அவள் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பேருந்தில் மெதுவாகக் கேட்டேன், "கண்ணு, உனக்குப் பையனாகணும்னு ஆசையா?" முகத்தைச் சுளித்தாள். "ச்சீ, பையனுங்க நாறுவானுங்க பெரியம்மா."

அதற்கப்புறம்தான் இதைப் பற்றி ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கருவில் ஹார்மோன் மனித மூளையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் கர்ப்பிணிக்கு ஊசி போட்டுப் பார்க்க முடியாது. அதனால் இந்தக் குழந்தையைப் போல இயற்கையாகவே ஆண் ஹார்மோன் கூடிப் பிறந்த பெண் பிள்ளைகளைத்தான் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் கவனித்திருக்கிறார்கள். ஷெரி பெரன்பாமும் மெலிசா ஹைன்ஸும் 1992ல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டு அறையில் விட்டபோது இந்தப் பிள்ளைகள் கார், கட்டைகளோடு மற்றச் சிறுமிகளைவிட அதிக நேரம் விளையாடினார்கள். பின்னால் வந்த பல ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தம்பிக்கு இது போதும், வெற்றி முழக்கம் போட்டுவிடுவான். ஆனால் அதே ஆய்வுகள் சொல்கிற இன்னொன்றை அவன் வீடியோக்காரர் சொல்லவில்லை. இந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் தங்களைப் பெண் என்றே உணர்கிறார்கள். எதோடு விளையாடப் பிடிக்கிறது என்பது ஒன்று, தன்னை யார் என்று உணர்வது வேறொன்று. கருவில் கூடுதல் ஹார்மோன் முதலாவதைக் கணிசமாக நகர்த்துகிறது, இரண்டாவதை அந்த அளவுக்கு நகர்த்துவதில்லை. பேருந்தில் எனக்குக் கிடைத்த பதிலும் அதுதான்.

சித்தியின் வாதத்தையும் சோதித்திருக்கிறார்கள். பெற்றோர் ஒருவேளை தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பிள்ளைகளைப் பையன் மாதிரி வளர்க்கிறார்களோ? 2005ல் விக்கி பாஸ்டர்ஸ்கி குழுவினர் கவனித்தபோது நிலைமை நேர்மாறாக இருந்தது. பெற்றோர்கள் இந்த மகள் பொம்மையைத் தொட்டால் மற்ற மகள்களைப் பாராட்டுவதைவிட அதிகமாகப் பாராட்டினார்கள். பிள்ளைகள் அப்படியும் காரைத்தான் எடுத்தார்கள். சொப்புச் சாமான் பெட்டியை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

என்னை உண்மையாகவே நிறுத்திய ஆய்வு 2016ல் ஹைன்ஸ் குழு வெளியிட்டது. இதில் கார், பொம்மை என்று பழக்கப்பட்ட எதுவும் இல்லை. ஆணுக்கோ பெண்ணுக்கோ என்று யாரும் முத்திரை குத்தாத பொருள்களைக் காட்டி, இது பெண் பிள்ளைகளுக்கு, இது ஆண் பிள்ளைகளுக்கு என்று சொன்னார்கள். பெரியவர்கள் பொருள்களைத் தேர்ந்தெடுப்பதையும் காட்டினார்கள், பெண்களெல்லாம் இதை எடுக்கிறார்கள், ஆண்களெல்லாம் அதை. சாதாரணமாகச் சிறுமிகள் "பெண்ணுக்கு" என்று சொன்னதன் பக்கம் சாய்வார்கள், பெண்கள் எடுத்ததையே எடுப்பார்கள். கருவில் ஆண் ஹார்மோன் கூடிய சிறுமிகளிடம் அந்தச் சாய்வு குறைவாக இருந்தது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டு வாக்குவாதமே ஆட்டம் கண்டது போலிருந்தது. ஹார்மோன் என்பது மூளைக்குள் "டிராக்டரை விரும்பு" என்று எழுதிவைக்கும் எழுத்து என்றுதான் தம்பியும் நினைத்தான், அவனை எதிர்த்த சித்தியும் நினைத்தாள். இந்த ஆய்வு காட்டும் வழியே வேறு. வீடு என்ன சொல்கிறது என்பதை ஒரு பிள்ளை எவ்வளவு காதில் வாங்குகிறது என்பதிலேயே வித்தியாசம் இருக்கலாம். அப்படியானால் வீடு ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் மற்றப் பெண் பிள்ளைகள் என்ன எடுத்திருப்பார்கள்? என் சின்ன வயதில் நான் பம்பரத்தைத் தொடவில்லை. எனக்குப் பிடிக்காததால் தொடவில்லையா, அது பையன்களுக்கானது என்று நான் கேட்டுக்கொண்டதாலா? என் உடம்பைப் பார்த்து யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவள் காதில் விழாததுதான் எங்களுக்கு விசித்திரமாகத் தெரிந்தது. எங்கள் எல்லோர் காதிலும் அது விழுந்துகொண்டே இருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை.

படிக்கட்டில் இரண்டு குழந்தைகள்

போன சீசனில் ஆயா வீட்டுத் திண்ணையில் இரண்டு தவழும் குழந்தைகள் இருந்தன. ஒன்று தம்பி மகன், இன்னொன்று என் அத்தை மகனின் பெண், கிட்டத்தட்ட ஒரே வயது. திண்ணைக்குக் கீழே மூன்று படி, கருங்கல். பையன் விளிம்புக்கு வந்ததும் ஆயா கீழ்ப்படியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டி, "வாடா சிங்கம், எறங்கு, எறங்கு, ஒண்ணும் ஆகாது" என்றாள். அவன் பின்பக்கமாகத் திரும்பி, ஒரு காலைக் காற்றில் துழாவி, படி தட்டுப்பட்டதும் கீச்சென்று கத்தினான். வீடே கைதட்டியது. சற்று நேரத்தில் பெண் குழந்தை அதே விளிம்புக்கு வந்தது. "அய்யய்யோ, பாப்பா!" இடுப்பில் தூக்கிக்கொண்டாள். குழந்தை உடம்பை வளைத்து முறுக்கிக் கீழே இறங்கப் பார்த்தது. விடவில்லை, உள்ளே கொண்டுபோய்ப் பாயில் விட்டாள். ஆயாவுக்கு அந்தப் பெண் குழந்தை மேல் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. மடியிலேயே வைத்திருப்பாள்.

நியூயார்க்கில் 2000ல் ஒரு சோதனை செய்தார்கள். 11 மாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் சரிவுப் பலகை ஒன்றைக் கொடுத்து, உங்கள் குழந்தை எவ்வளவு சரிவில் தவழ்ந்து இறங்கும், அந்த அளவுக்குப் பலகையைச் சாய்த்துக் காட்டுங்கள் என்றார்கள். அப்புறம் குழந்தைகளையே இறங்க விட்டார்கள். ஆண், பெண் இரண்டும் ஒரே மாதிரிதான் இறங்கின. ஆனால் பையன்களின் அம்மாக்கள் பிள்ளையின் திறமையைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள், பெண்களின் அம்மாக்கள் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஆயாவை அங்கே கூட்டிப் போயிருந்தால் பலகையைப் படுக்கையாகவே வைத்திருப்பாள்.

இதில் பார்க்க வேண்டியது வயது. 11 மாதம். ஆண் குழந்தைக்குப் பிறந்த முதல் சில மாதங்களில் டெஸ்டோஸ்டிரோன் ஒரு தடவை ஏறி, ஆறு மாதத்துக்குள் அடங்குகிறது. உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் அதே மாதங்களில் வீடும் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. எலிகளில் இது இன்னும் தெளிவு. 1980களிலிருந்து சீலியா மூர் என்ற ஆராய்ச்சியாளர் செய்த ஆய்வுகளில் கண்டது இது: தாய் எலி ஆண் குட்டிகளைப் பெண் குட்டிகளைவிட அதிகமாக நக்கிக் கொடுக்கிறது. காரணம் ஆண் குட்டியின் சிறுநீரில் உள்ள வாசனை, அந்த வாசனைக்குக் காரணம் குட்டியின் ஹார்மோன். தாயின் மூக்கை அடைத்து நக்குவதைக் குறைத்துவிட்டால் அந்த ஆண் குட்டிகள் பெரிதானபோது இணைசேரும் நடத்தையில் பின்தங்கின. தண்டுவடத்தில் அதற்குரிய நரம்பணுக்களும் குறைந்திருந்தன. ஆக, குட்டியின் ஹார்மோன் தாயின் நாக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு குட்டியின் நரம்புக்கே திரும்பி வருகிறது. இதில் எது வயிறு, எது வளர்ப்பு? எலி விஷயத்திலேயே பிரிக்க முடியாததை மனிதப் பிள்ளை விஷயத்தில் இத்தனை சதவீதம் அது, இத்தனை சதவீதம் இது என்று பிரித்துச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வளர்ப்பினால் எதையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பியவர்கள் செய்த கொடுமையையும் சொல்லியாக வேண்டும். கனடாவில் 1965ல் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு மறு வருஷம் சுன்னத்து அறுவையின்போது ஆணுறுப்பு கருகிப் போனது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஜான் மணி என்ற உளவியலாளர் பெண்ணாகவே வளர்த்துவிடுங்கள் என்றார். வளர்த்தார்கள். மணி அதைப் பெரிய வெற்றி என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை ஒரு நாளும் அதில் நிம்மதியாக இல்லை. பதினான்கு வயதில் உண்மை தெரிந்ததும் டேவிட் ரைமர் என்று ஆணாக வாழத் தொடங்கினார். 1997ல் மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் உண்மையை வெளியிட்டார்கள். 2004ல் டேவிட் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தக் கதையைத் தம்பி கட்சிக்காரர்கள் ஓயாமல் சொல்வார்கள். ஆனால் மறு வருஷமே, 1998ல், கனடாவிலிருந்து இன்னொரு கதை வெளிவந்தது. அதே மாதிரி விபத்து, அதே மாதிரிக் கைக்குழந்தைப் பருவத்திலேயே பெண்ணாக வளர்க்கும் முடிவு. அந்த மனிதர் இருபத்தாறு வயதிலும் தன்னைப் பெண் என்றே உணர்ந்தார், ஆனால் செய்த வேலை ஆண்கள் அதிகம் செய்கிற வேலை. இந்த இரண்டாவது கதையை யாரும் வீடியோ போடுவதில்லை, ஏனென்றால் அது யாருக்கும் வெற்றி கொடுக்கவில்லை.

வீடியோவில் வரும் "ஆண் மூளை, பெண் மூளை" பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சராசரியில் ஆண் மூளை ஏறக்குறைய பத்து சதவீதம் பெரிது, உடம்பும்தான் பெரிது. 2015ல் டாஃப்னா ஜோயல் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்தபோது, எல்லாக் கூறிலும் ஒரே பக்கம் சாய்ந்த மூளைகள் அபூர்வமாகத்தான் கிடைத்தன. பெரும்பாலோருக்கு ஒரு கூறு இப்படி, ஒரு கூறு அப்படி. தம்பியிடம் சொன்னேன், பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை.

இந்த ஊரில் இருந்துகொண்டு

மூளையில் ஆண் பெண் வித்தியாசம் என்று வெளியூர்க்காரர்கள் பேசும்போது எனக்கு வேறொன்று ஞாபகத்துக்கு வரும். பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் என்று செய்தித்தாளில் வந்தால் அதில் எங்கள் மாவட்டத்தின் பெயரும் இருக்கும். 1992ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் தர்மபுரிக்கும் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயது வரையுள்ள 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான். 2011ல் 900ஐத் தாண்டியது என்று ஆறுதல் பட்டோம். ஆனால் வண்டியில் ஸ்கேன் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் என்ன குழந்தை என்று சொல்கிறவர்கள் பிடிபட்ட செய்தி இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிறக்கலாமா கூடாதா என்பதே முதல் கேள்வியாக இருந்த மண்ணில், பெண் குழந்தைக்கு இயல்பாக எது பிடிக்கும் என்று அளந்து பார்க்க யாருக்கு அருகதை இருக்கிறது? நர்ஸ் வெளியே வந்து சொல்லாமல் போனாரே, அன்றைக்கு வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர், "ஆணாவே வச்சிக்க முடியுமான்னு கேளுங்க" என்று மாமாவிடம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, ஊர் நினைப்பதைச் சத்தமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அப்போது இன்னொரு பேச்சும் வந்தது. பார்க்கப் பெண் குழந்தை போல இருக்கும்படி சின்னதிலேயே அறுவை செய்துவிடலாம், பெரிதானால் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். மாமா பணத்துக்கு அலைந்துகொண்டிருந்ததால் தள்ளிப்போனது. இடையில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இடைப்பாலினக் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்று எளிதில் வகுக்க முடியாத உடலமைப்போடு பிறந்தவர்களுக்கு, இத்தகைய அறுவைகளைத் தடுக்க அரசாணை போடச் சொன்னார். அதே ஆகஸ்டில் உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. இந்தியாவில் முதலில் செய்தது நாம்தான். எங்கள் குழந்தைக்கு இடைப்பாலினம் என்ற சொல் பொருந்துமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தங்கை அதற்குள் போகவில்லை. "அவ உடம்பு, அவ பெரியவளாகி வேணும்னா செஞ்சிக்கட்டும், வேணாம்னா விடட்டும்" என்று முடித்துவிட்டாள். சித்திக்கு இதில் இன்னும் கோபம்.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் தங்கை வகுப்பு டீச்சரிடம் டாக்டர் கடிதத்தைக் கொடுத்தாள். காய்ச்சல் வந்தால் மாத்திரை அளவைக் கூட்டணும், வாந்தி எடுத்து மாத்திரை நிற்காவிட்டால் ஊசி, உடனே ஆஸ்பத்திரி, எங்களுக்கு போன். டீச்சர் இரண்டு தடவை படித்துவிட்டு, வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் அதை ஒட்டிவைத்தார். நோயின் பெயரைக் கேட்டார், எப்படி எழுதுவது என்றும் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை. தங்கை கிளம்பும்போது, "ஓடியாடலாமா இவ?" என்றார். தாராளமா என்றதும் வட்டார விளையாட்டுப் போட்டிக்கு நூறு மீட்டரில் பெயரை எழுதிக்கொண்டார். கபடிக்கும் சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு, ஆயாவையோ சித்தியையோ ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை சரி என்று சொல்லிவிட்டாள். அடுத்த மாங்காய் சீசனுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.